உளவியல் அடிப்படைகள்: தேர்வுக்கு முன் மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

பி.எட். மாணவர்களுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுபவர்களுக்கும் உளவியல் சொல்லித் தருவது என் வேலை. இளநிலை உளவியல் முதலாண்டு படிக்கும் பிள்ளைகளும் சந்தேகம் கேட்டு வருவார்கள். வருடா வருடம் முகங்கள் மாறும், கேள்விகள் மாறாது. அவற்றை நான் சொல்லும் பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு கேள்வியையும் படித்ததும் பதிலைக் கையால் மறைத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிப் பாருங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது கடைசிக்கு முந்தைய கேள்வியில் இருக்கிறது.

வரையறை எல்லாம் மனப்பாடம். ஆனாலும் கொள்குறி வினாக்களில் தப்பு வருகிறதே, ஏன்?

வரையறையைச் சொல்லத் தெரிவது வேறு. அது கண்முன் நடக்கும்போது அடையாளம் தெரிவது வேறு. 'வலுவூட்டல் என்றால் என்ன?' என்று கேட்டால் வகுப்பில் எல்லோரும் கை தூக்குவார்கள். 'வீட்டுப்பாடத்தை நேரத்துக்கு முடித்தால் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். கமலா இப்போது தினமும் முடிக்கிறாள். இது என்ன?' என்று கேட்டால் பாதிக் கைகள் இறங்கிவிடும். தேர்வில் மதிப்பெண் போவது இந்த இரண்டாவது வகையில்தான்.

திரும்பத் திரும்ப வாசித்த பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுவதும் ஒரு காரணம். பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. எனவே ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் புத்தகத்தில் இல்லாத உதாரணம் ஒன்றை உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ எடுத்து எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தச் சொல் இன்னும் உங்களுடையதாகவில்லை.

எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனைதானே?

இல்லை. என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான், மிக அதிகமாகத் தவறுவதும் இதில்தான். எனவே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

குழப்பத்துக்குக் காரணம் 'எதிர்மறை' என்ற சொல். பேச்சில் அதற்குக் கெட்டது என்று பொருள் வந்துவிட்டது. இங்கே அதைக் கணக்கில் வரும் கழித்தல் குறியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்மறை என்றால் ஏதோ ஒன்று சேர்ந்தது, எதிர்மறை என்றால் ஏதோ ஒன்று விலகியது. அவ்வளவுதான், நல்லது கெட்டது என்ற பேச்சே இல்லை.

எந்தச் சூழலைக் கொடுத்தாலும் இரண்டு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். முதலில், அந்த நடத்தை கூடியதா, குறைந்ததா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. அடுத்து, அந்த நடத்தைக்குப் பிறகு ஒன்று வந்து சேர்ந்ததா, இருந்த ஒன்று போனதா? சேர்ந்தால் நேர்மறை, போனால் எதிர்மறை.

சாயங்காலம் கொசு பிடுங்குகிறது. கொசுவத்தி ஏற்றுகிறீர்கள், கொசு போகிறது. மறுநாள் ஆறு மணிக்கே ஏற்றிவிடுகிறீர்கள். ஏற்றும் பழக்கம் கூடியது, தொல்லை ஒன்று விலகியது: எதிர்மறை வலுவூட்டல். பையன் தம்பியை அடித்ததற்காக ஒரு வாரம் செல்போன் கிடையாது என்றார்கள், அடிப்பது குறைந்தது: எதிர்மறைத் தண்டனை. திட்டு விழுந்ததால் குறைந்திருந்தால் அது நேர்மறைத் தண்டனை. மேலே சொன்ன கமலா? முடிப்பது கூடியது, பாத்திரம் கழுவும் வேலை விலகியது. எதிர்மறை வலுவூட்டல்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கடைத்தெருவில் அழும் குழந்தை. பொம்மை வேண்டும் என்று தரையில் புரண்டு அழுகிறது. அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அழுகை நிற்கிறது. இங்கே நடப்பது ஒன்றல்ல, இரண்டு. அழுததால் பொம்மை வந்தது, எனவே குழந்தைக்கு அழுகை நேர்மறையாக வலுவூட்டப்பட்டது. வாங்கிக் கொடுத்ததால் அழுகை போனது, எனவே அம்மாவுக்கு வாங்கிக் கொடுப்பது எதிர்மறையாக வலுவூட்டப்பட்டது. ஒருவரை ஒருவர் பழக்கிக்கொள்கிறார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை; அவர் இடத்தில் யாராக இருந்தாலும் கை பர்ஸுக்குத்தான் போகும்.

மூன்று நாள் உறுதியாக இருந்து நான்காம் நாள் வாங்கிக் கொடுத்தால்? அது இடைவிட்ட வலுவூட்டல். ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்துப் பழகிய நடத்தை, பலன் நின்றதும் சீக்கிரம் அடங்கிவிடும். எப்போதாவது மட்டும் பலன் கிடைத்துப் பழகியது லேசில் அடங்காது. லாட்டரிச் சீட்டை விட முடியாததும் இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொடுப்பவரின் நோக்கத்தை வைத்துப் பெயர் வைக்கக் கூடாது, விளைவை வைத்தே வைக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பில் சத்தம் போட்ட ஒரு மாணவனை வெளியே நிற்கச் சொல்வேன். தண்டனை கொடுப்பதாக நினைத்தேன். அவன் சத்தம் போடுவது வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. பிடிக்காத பாடத்திலிருந்து அவனுக்குத் தப்பிக்க வழி செய்து கொடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. நான் கொடுத்ததன் சரியான பெயர் எதிர்மறை வலுவூட்டல்.

பாவ்லோவ், ஸ்கின்னர் இருவரையும் குழப்பிக்கொள்கிறேன். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நடத்தை எப்படிப் பழகுகிறது என்பதற்கு இருவரும் இரண்டு வழிகளைக் காட்டினார்கள். முந்தைய கேள்வியில் பார்த்த வலுவூட்டலும் தண்டனையும் ஸ்கின்னரின் வழி. பாவ்லோவின் முறையில் அடையாளம் முன்னால் வரும், உடல் தானாகப் பதில் சொல்லும். ஸ்கின்னரின் முறையில் செயலை நாம் செய்கிறோம், பலன் பின்னால் வரும். எச்சில் ஊறுவது, நெஞ்சு படபடப்பது, பயம், குமட்டல் என்றால் பெரும்பாலும் பாவ்லோவ். படிப்பது, பொய் சொல்வது, கை தூக்குவது என்றால் ஸ்கின்னர்.

பாவ்லோவ் கற்றலை ஆராயப் புறப்பட்டவர் அல்ல. அவர் உடலியங்கியல் அறிஞர். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆய்வுக்கு. உணவு வாயில் படும் முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே நாய்களுக்கு எச்சில் ஊறியதைக் கவனித்து, அதன் பின்னால் போனார்.

தடுப்பூசிக்குப் போகும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஊசியின் வலி இயல்பான தூண்டல், அதற்கு அழுவது இயல்பான துலங்கல். இவற்றை யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. ஊசிக்கு முன் பஞ்சில் தேய்க்கும் ஸ்பிரிட் வாசனை முதலில் குழந்தைக்கு ஒரு பொருட்டே அல்ல. இரண்டு மூன்று முறை வாசனையும் வலியும் அடுத்தடுத்து வந்த பிறகு, வாசனை வந்ததுமே அழுகை கிளம்புகிறது. வாசனை இப்போது ஆக்கநிலையுறுத்தப்பட்ட, அதாவது பழக்கத்தால் உண்டான, தூண்டல்; அதற்கு வரும் அழுகை ஆக்கநிலையுறுத்தப்பட்ட துலங்கல். அழுகை இரண்டு இடத்திலும் ஒன்றே. எதைக் கண்டு அழுகிறது என்பதுதான் பெயரை மாற்றுகிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரைப் பார்த்தாலும் அழுதால் அது பொதுமைப்படுத்தல்.

இதில் வாட்சனும் ராய்னரும் 1920இல் வெளியிட்ட 'குட்டி ஆல்பர்ட்' சோதனையையும் கேட்பார்கள். வெள்ளெலியைக் கண்டு பயப்படாத ஒரு கைக்குழந்தைக்கு, எலியைத் தொடப்போகும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்துப் பயத்தை உண்டாக்கினார்கள். பயம் முயலுக்கும் நாய்க்கும்கூடப் பரவியது. அந்தப் பயத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். இதைப் பாடமாக மட்டும் கடந்து போக என்னால் முடிவதில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது.

ஒரு புத்தகத்தில் ஆக்கநிலையிறுத்தம், இன்னொன்றில் ஆக்கநிலையுறுத்தம். எது சரி?

இரண்டும் ஒன்றுதான். உங்கள் பாடநூலில் இருப்பதை எழுதுங்கள்.

ஒட்டுறவு இருந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து மாறுவதைத்தான் ஒட்டுறவு என்கிறோம். ஒரு பள்ளியில் டியூஷன் போகும் பிள்ளைகளின் மதிப்பெண், போகாதவர்களுடையதைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். டியூஷன் படிப்பைக் கெடுக்கிறது என்பீர்களா? மதிப்பெண் குறைந்த பிள்ளையைத்தானே பெற்றோர் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள்! காரணமும் விளைவும் தலைகீழாக இருக்கலாம். அல்லது மூன்றாவது ஒன்று இரண்டையும் ஆட்டுவிக்கலாம். எது என்று ஒட்டுறவு எண் சொல்லாது.

கூடவே ஒரு பொறி வினா வரும்: +0.5, -0.8 இவற்றில் எது வலுவான ஒட்டுறவு? -0.8தான். குறி திசையை மட்டும் காட்டுகிறது. கழித்தல் குறி என்றால் ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது என்று பொருள். குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் 1க்கு எவ்வளவு நெருக்கம் என்பதுதான் வலு.

அப்படியானால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சாரா மாறி, சார்ந்த மாறி எது எது?

சோதனை செய்துதான். ஆய்வாளர் மாற்றிப் பார்ப்பது சாரா மாறி, அதனால் மாறுகிறதா என்று அளப்பது சார்ந்த மாறி. வாய்விட்டுப் படித்தால் அதிகம் நினைவிருக்குமா என்று பார்க்கிறோம் என்றால், படிக்கும் விதம் சாரா மாறி, பிறகு நினைவுகூர்ந்த சொற்களின் எண்ணிக்கை சார்ந்த மாறி.

இதில் குழுக்களைப் பிரிக்கும் விதம்தான் உயிர்நாடி. முன்பெஞ்சுக்காரர்கள் வாய்விட்டுப் படிக்கட்டும், பின்பெஞ்சுக்காரர்கள் மனதுக்குள் படிக்கட்டும் என்று பிரித்தால் சோதனை அங்கேயே வீண். முன்பெஞ்சில் உட்காருபவர்கள் ஏற்கெனவே வேறு மாதிரி இருக்கலாம். சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். இதற்குப் பெயர் சமவாய்ப்பு ஒதுக்கீடு. சமவாய்ப்பு மாதிரி எடுத்தல் வேறு: தமிழ்நாட்டின் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் யாரைச் சோதனைக்கு அழைப்பது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது அது. ஒதுக்கீடு இருந்தால் காரணத்தைப் பற்றிப் பேசலாம், மாதிரி சரியாக இருந்தால் முடிவை எல்லோருக்கும் பொருத்திப் பேசலாம்.

ஒரு சோதனையின் நம்பகத்தன்மைக்கும் ஏற்புடைமைக்கும் என்ன வித்தியாசம்?

கடைத் தராசு ஒன்று எப்போது நிறுத்தாலும் 200 கிராம் கூடுதலாகவே காட்டுகிறது. ஒரே மாதிரி காட்டுவதால் நம்பகமானது. உண்மை எடையைக் காட்டாததால் ஏற்புடையது அல்ல. ஏற்புடைய சோதனைக்கு நம்பகத்தன்மை கட்டாயம் இருக்க வேண்டும். நம்பகமானதெல்லாம் ஏற்புடையதாகிவிடாது.

நேற்று என்ன சாப்பிட்டேன் என்பதே மறந்துவிடுகிறது. எனக்குக் குறுகியகால நினைவு சரியில்லையா?

நேற்றைய சாப்பாடு நீண்டகால நினைவின் சமாசாரம். பாடநூலில் வரும் குறுகியகால நினைவு என்பது, மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்காவிட்டால் அரை நிமிடத்துக்குள் கழன்றுவிடுவது. செல்போனுக்கு வந்த ஓடிபியைப் பார்த்து வங்கிச் செயலியில் தட்டும் வரை முணுமுணுத்துக்கொண்டே போகிறீர்களே, அதுதான். அதில் ஒரே சமயத்தில் ஏறத்தாழ 7 துண்டுகள் நிற்கும், இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நான்கு அளவில்தான் என்பது பின்னர் வந்த ஆய்வாளர்களின் கருத்து. தேர்வில் 7±2தான் விடை. 10 இலக்கத் தொலைபேசி எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்வது துண்டாக்கலுக்கு நல்ல உதாரணம்.

நினைவு ஒரே பெட்டி அல்ல என்பதை உலகத்துக்குக் காட்டியவர் ஹென்றி மோலைசன். 2008இல் அவர் இறக்கும் வரை நூல்கள் அவரை எச்.எம். என்றே குறிப்பிட்டன. கடுமையான வலிப்பு நோய்க்காக 1953இல், 27 வயதில், அமெரிக்காவில் அவருக்கு மூளை அறுவைச் சிகிச்சை நடந்தது. மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பாலானதை இருபக்கமும் எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக நடக்கும் எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பல ஆண்டுகள் அவரைச் சந்தித்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் விளிம்போடு கோடு போடச் சொன்னார். நாளுக்கு நாள் அவருடைய கை தேறியது. இதற்கு முன் செய்த ஞாபகமோ அவருக்குச் சுத்தமாக இல்லை. நிகழ்ச்சிகளை வைத்திருக்கும் நினைவு போய், கைப்பழக்கத்தை வைத்திருக்கும் நினைவு நின்றது. இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால், அறிவிப்பு நினைவுக்கும் செயல்முறை நினைவுக்கும் உள்ள வேறுபாட்டை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

கண்ணால் பார்த்தது மாறுமா?

மாறும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துக் காட்சியை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, வேகம் என்ன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். கார்கள் 'தொட்டபோது' என்று கேட்டால் சராசரி விடை மணிக்கு 31.8 மைல்; 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்டால் 40க்கும் மேல். அடுத்த சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். 'நொறுங்கிய' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். காட்சியில் உடைந்த கண்ணாடியே கிடையாது. பிள்ளைகளிடம் 'அவன்தானே உன்னை முதலில் அடித்தான்?' என்று விசாரிக்கும் ஆசிரியர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பியாஜேயின் நிலைகளுக்கு வயதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதுமா?

போதாது. குழந்தையின் சிந்தனை படிப்படியாக வளர்கிறது என்று பியாஜே சொன்ன நிலைகளில் 2, 7, 11 என்ற வயதுகள் தோராயமானவை. நிலைகளின் வரிசைதான் முக்கியம். வயதைச் சொல்லாமல் குழந்தை செய்வதை மட்டும் சொல்லிக் கேட்டால் என்ன செய்வீர்கள்?

தொலைபேசியில் பாட்டி 'சாப்பிட்டியா?' என்று கேட்க, நான்கு வயதுக் குழந்தை பேசாமல் தலையை ஆட்டுகிறது. பாட்டிக்குத் தெரியாது என்று அதற்குத் தோன்றவில்லை. இதுதான் தன்மையப் போக்கு. சுயநலம் என்று எழுதிவிடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறர் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க இன்னும் வரவில்லை, அவ்வளவே. குட்டையான டம்ளரில் இருந்த பாலை உயரமான டம்ளருக்கு மாற்றியதும் 'இதில்தான் நிறைய' என்றால் அளவு மாறாமை பற்றிய அறிவு வரவில்லை. இரண்டும் செயலுக்கு முந்தைய நிலை, அதாவது 2 முதல் 7 வரை.

முதன்முதலாகக் குதிரையைப் பார்த்த குழந்தை 'மாடு!' என்கிறது. தெரிந்த அச்சுக்குள் புதியதைப் போடுவது தன்வயமாக்கல். 'இது மாடு இல்லை, குதிரை' என்று புது அச்சு வார்த்துக்கொண்டால் பொருத்தமைத்தல்.

மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?

பொய். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே இருக்கும் மூளை, ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. பயன்படாத பொருளுக்கு உடல் இவ்வளவு செலவு செய்யாது.

'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர்' என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதும் இப்படித்தான். பல பயிற்சிக் கையேடுகளில் இருக்கிறது. ஹரால்டு பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் ஆய்வுகளை அலசிப் பார்த்து, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். தேர்வில் கேட்டால் பாடநூல் விடையை எழுதுங்கள். வகுப்பறைக்குப் போனபின் எந்தப் பிள்ளைக்கும் அந்த முத்திரையைக் குத்தாதீர்கள்.

ஆண்டுகளும் பெயர்களும் எவ்வளவு தெரிய வேண்டும்?

கொஞ்சம் போதும். வில்ஹெல்ம் வூண்ட், லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வகம், 1879. நினைவும் மறதியும் பற்றிய எபிங்ஹாஸின் நூல், 1885. இந்தியாவில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை, 1916, நரேந்திரநாத் சென்குப்தா.

மனநலக் குறைபாடுகள் பாடத்தைப் படித்தால் எல்லாம் எனக்கே இருப்பது போல் தோன்றுகிறது.

மருத்துவ மாணவர்களுக்கும் இது உண்டு. அறிகுறிகள் பலவும் எல்லோருக்கும் அவ்வப்போது வருபவை. எத்தனை நாளாக இருக்கிறது, எவ்வளவு வேதனை தருகிறது, அன்றாட வேலையைக் கெடுக்கிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். மனச்சோர்வு நோய் என்று சொல்லவே, நாளின் பெரும்பகுதி வாட்டும் அறிகுறிகள் குறைந்தது இரண்டு வாரம் நீடித்திருக்க வேண்டும். பாடத்தை வைத்து உங்களையோ நண்பரையோ நீங்களே கணிக்காதீர்கள். ஆனால் மனம் உண்மையிலேயே தாங்கவில்லை என்றால் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப் போடவும் வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, கட்டணம் கிடையாது.

சரி, எப்படிப் படிப்பது?

புத்தகத்தை மூடிவிட்டு. ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை ஒருமுறை படித்த மாணவர்களில் சிலர் அதையே மறுபடி படித்தார்கள், சிலர் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை மாறிப்போனது: மறுபடி படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. தேர்வுக்கு முந்தைய இரவு புத்தகத்தைப் புரட்டினால் வரும் தைரியம் அந்த ஐந்து நிமிடத் தைரியம். அதனால்தான் பதில்களை மறைத்துக்கொள்ளச் சொன்னேன்.

என் மாணவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, தாங்களே உண்டாக்கிய சூழலை எழுதி எதிரில் இருப்பவரிடம் நீட்டுவார்கள். மூன்று நாள் விட்டு அதே கேள்விகளை மறுபடி எடுப்போம். மெதுவான வழிதான், ஆனால் நிற்கிறது.

இப்போதே என்னைச் சோதித்துக்கொள்ள நான்கு கேள்விகள் கொடுங்களேன்.

1. பெல்ட் போடாவிட்டால் காரில் பீப் சத்தம் வருகிறது, போட்டதும் நிற்கிறது. இப்போது அவர் ஏறியதுமே பெல்ட் போடுகிறார்.

2. மேலதிகாரி அழைத்தால் ஒலிக்கும் அதே ரிங்டோன் பேருந்தில் யாரோ ஒருவரின் போனில் ஒலிக்க, உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது.

3. வீட்டில் நிறையப் புத்தகம் இருக்கும் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். எனவே எல்லா வீட்டுக்கும் 50 புத்தகம் கொடுத்தால் மதிப்பெண் ஏறிவிடும் என்கிறார் ஒருவர்.

4. தனக்கு ஒரு பிஸ்கட், அக்காவுக்கு இரண்டு என்று குழந்தை அழுகிறது. தாத்தா அதன் பிஸ்கட்டை இரண்டாக உடைத்துக் கொடுக்கிறார். குழந்தை சிரிக்கிறது.

விடைகள். முதலாவது எதிர்மறை வலுவூட்டல்: பெல்ட் போடுவது கூடியது, சத்தம் விலகியது. இரண்டாவது பாவ்லோவின் வழி. படபடப்பு தானாக வருகிறது, ரிங்டோன் ஆக்கநிலையுறுத்தப்பட்ட தூண்டல். மூன்றாவதில் ஒட்டுறவைக் காரணமாக எடுத்துக்கொண்டார். பெற்றோரின் படிப்போ வருமானமோ புத்தகத்தையும் மதிப்பெண்ணையும் சேர்த்தே கூட்டியிருக்கலாம். நான்காவது செயலுக்கு முந்தைய நிலை, அளவு மாறாமை இன்னும் வரவில்லை. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருந்தால் இன்றைக்கே ஒரு பிஸ்கட்டை உடைத்துக் கொடுத்து, எது அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். ஏழு வயதானதும் அதே குழந்தையிடம் மறுபடி கேளுங்கள்.